உதை குறைந்த தோட்டா

சுடும்போது துவக்கு பின்னால் வந்து தோளில் இடிப்பதற்குத் தமிழில் 'உதை' என்று பெயர். என் மகளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். வேட்டை அனுமதிச் சோதனைக்குப் படித்த காலத்தில் அவள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு 'ரெக்கூல், ரெக்கூல்' என்று டெனிஷில் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "அது உதை, பிள்ளை. கழுதை உதைக்கிற உதை," என்றார் இவர். அவளிடம் இருக்கும் தமிழை ஒரு கைப்பைக்குள் அடக்கிவிடலாம். அதற்குள் இந்தச் சொல்லும் போய் உட்கார்ந்துகொண்டது. போயும் போயும் வேறு சொல் கிடைக்கவில்லையா என்று நான் இன்றைக்கும் இவரோடு சண்டை பிடிப்பேன்.

சென்ற வசந்தத்தில் என் மகளின் வலது பக்கத்தில், துவக்கின் அடிக்கட்டை வந்து அழுத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கட்டி இருந்தது. அது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு வேறொன்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

முதலில், எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் துவக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நானும் இவரும் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த ஆட்கள். விபோர்க் என்ற டெனிஷ் ஊரில் வீடு வாங்கி, நான் முதியோர் இல்லத்துச் சமையலறையிலும் இவர் பன்றி வெட்டும் தொழிற்சாலையிலுமாக வேலை செய்து ஒரே ஒரு பெண்ணை வளர்த்தோம். அவள் ஒரு டெனிஷ் பெடியனோடு குடித்தனம் நடத்துகிறாள். கல்யாணம் இன்னும் இல்லை. கேட்டால், 'என்ன அவசரம், மோர்' என்பாள். டெனிஷில் அம்மாவுக்கு 'மோர்' என்று பெயர். புளித்த மோர் என்று இவர் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுப்பார்.

பெடியன் வடகடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவனுடைய தாய்க்கு ஊருக்கு வெளியே பண்ணையும் அதையொட்டி ஒரு சிறு காடும் உண்டு. காட்டில் மான் உண்டு. அந்தக் குடும்பத்தில் எல்லோரும் வேட்டைக்காரர். என் மகளும் முந்தின வருஷம் படித்து அனுமதி எடுத்தாள். பெடியனுடைய பெரிய துவக்கால் சுட்டுப் பழகிவிட்டு வந்து, சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளில் கன்றிப்போன இடத்தைப் பதக்கம் மாதிரிக் காட்டினாள். "பாருங்கோ அப்பா, உதை!" என்று சிரித்தாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அப்படிப்பட்டவள் சென்ற ஏப்ரலில் ஒரு நாள் வந்து, தோட்டா வாங்கக் கடைக்குப் போகவேண்டும், காரில் கூட்டிக்கொண்டு போங்கோ என்றாள். அவளுடைய கார் திருத்தகத்தில் கிடந்தது. பெடியன் கடலில்.

"வீட்டில தோட்டா இருக்கெல்லோ?" என்றேன்.

"அது பெரிய துவக்குக்கு. நான் இப்ப அவன்ர அம்மான்ர சின்னத் துவக்கு எடுத்திருக்கிறன். எனக்கு உதை கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. உதை வாங்கின இடத்தைக் காட்டிச் சிரித்தவளுக்கு ஏன் இப்போது உதை கூடாது? அப்போதே என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

கடைக்குள் எண்ணெயும் தோலும் மணந்தன. சுவரெல்லாம் கண்ணாடிக் கண் வைத்த தலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று என்னைப் பார்த்தது. கடைக்காரன் பொறுமையான மனிதன். என் மகள், ஆண்மானுக்கு வேட்டை திறக்கும்போது சுடவேண்டும், துவக்கு மெல்லியது, உதை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றாள். அவன் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

முதலாவதைக் காட்டி, இது கடதாசியில் சுட்டுப் பழகத்தான், மானுக்குச் சட்டப்படி ஆகாது, மானைத் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும் என்றான். இரண்டாவதில் ரவை, அதாவது பறந்துபோகிற குண்டு, செப்பு. கொஞ்சம் பாரம், நீளமும் கூட. மூன்றாவதும் செப்புத்தான், ஆனால் பாரம் குறைந்தது, ஆகவே உதையும் குறைவு. ஈயம் பாரமான சாமான், செப்பு அப்படியில்லை, அதனால் ஒரே எடைக்குச் செப்பு ரவை நீளமாகிவிடும் என்று விளக்கினான். பழைய மெல்லிய துவக்குகளின் குழலுக்குள் இருக்கும் திருகு நீள ரவையைச் சரியாகச் சுழற்றாது. பறக்கும்போதே தள்ளாடும். எதை எடுத்தாலும் முதலில் கடதாசியில் சுட்டுப் பார், துவக்குத்தான் தோட்டாவைத் தெரிவு செய்யும், நாங்கள் இல்லை என்றான்.

மூன்றாவது பெட்டியின் மேல் ஒரு மிருகத்தின் படம் இருந்தது. கொம்பு கவர் விட்டிருந்தது, முகத்தில் கறுப்புப் பட்டி, பின்னால் மரமே இல்லாத பெருவெளி. இது என்ன மிருகம் என்று மகளிடம் கேட்டேன்.

"அந்திலோப. அமெரிக்காவில இருக்கிறது."

"தமிழில என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்து, "மான்," என்றாள். எங்களுக்கு எல்லாம் மான்தான். கடைக்காரனுக்கு விஷயம் விளங்கி, இந்தப் படத்தில் இருப்பதை விழுத்துகிற தோட்டா எங்கள் காட்டு மானுக்குத் தாராளமாகப் போதும், எங்களுடையது அதில் பாதிகூட வராது என்றான்.

பிறகுதான் அவள் அதைக் கேட்டாள். "இதில் ஈயம் துளியும் இல்லைத்தானே? இறைச்சியில் கொஞ்சமும் கலக்காதே?"

ஈயத்தைச் சட்டமே தடுத்துவிட்டது, கடையில் வைத்திருக்கவே மாட்டேன் என்றான் அவன். அது அவளுக்கும் தெரியும், சோதனைக்குப் படித்தவள். இருந்தும் இரண்டாம் முறையும் கேட்டாள். அவன் அவளை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, இந்த முறை மெதுவான குரலில், இல்லை, துளியும் இல்லை என்றான்.

எனக்கு அதோடு எல்லாம் துலங்கிவிட்டது. எங்கள் சமையலறையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈயத்தால் சுட்ட இறைச்சி சாப்பிடவேண்டாம் என்று மருத்துவிச்சி சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். உதை கூடாது. ஈயம் கூடாது. முகம் வெளிறிப் போயிருக்கிறது. இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன சாட்சி வேண்டும்? இரண்டு செப்புப் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அந்தத் தலைகளெல்லாம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

சுட்டுப் பார்க்கும் திடலுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பழைய மண் அகழ்ந்த கிடங்கு அது. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு துவாயை நான்காக மடித்து, வலது சட்டைக்குள் தோளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு தோளுக்கு ஏன் துவாய் வைக்கிறாள் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை நானே துரத்திவிட்டேன்.

பாரமான தோட்டாவை முதலில் சுட்டாள். கடதாசியைக் கொண்டுவந்து காட்டியபோது ஓட்டைகள் வட்டமாக இல்லை. நெல்மணி போல நீண்டு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ரவை பக்கவாட்டில் திரும்பிப் போயிருக்கிறது என்றாள். இப்படிப்பட்ட ஓட்டையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கதவில். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை அவள் மூடித் தள்ளி வைத்தாள்.

அந்திலோபப் படம் போட்ட தோட்டா மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. ஒரு குவளை மூடியால் மூன்றையும் மறைத்துவிடலாம். ஆனால் மூன்றாவதற்குப் பிறகு அவள் எழும்பவில்லை. துவக்கைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியை மேசையில் ஊன்றிக்கொண்டு கிடந்தாள். நான் ஓடிப்போனேன். கேட்டே விடுவது என்று குனிந்து, யாரும் கேட்காத இடத்திலும் ரகசியம் பேசுவது போலக் கேட்டேன்.

"உதைக்குதோ, பிள்ளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கை தன்பாட்டில் வலது பக்கத்துக்குப் போனது.

"கொஞ்சம்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, மோர். பயப்படுவார். எல்லாம் தெரிஞ்ச பிறகு நானே சொல்லுறன்."

வலது பக்கம் உதைத்தால் ஆண்பிள்ளை என்பார்கள். இத்தனை சீக்கிரத்தில் எங்கே உதைக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே போதும். யோசிக்கவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினேன். அவளும் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்துக்காக அழுதோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்தது. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் உயிர்க்கொலை ஆகாது. இது எங்கள் வழக்கம். இவளை நான் சுமந்தபோது இவர் பன்றி வெட்டும் பகுதியில் நின்றார். நான் அழுது பிடித்த பிடியில் போய் மேற்பார்வையாளரிடம், 'என் மனைவிக்குப் பிள்ளை கிடைக்கும்வரை நான் கொல்லக்கூடாது, பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றுங்கள்' என்று கேட்டார். அந்த மனிதன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மாற்றிக்கொடுத்தான். தொழிற்சாலையில் இன்றைக்கும் இவரைப் பகிடி பண்ண அந்தக் கதை போதும். ஆனால் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, இல்லையா? அப்படிக் காத்துப் பெற்றவள், இப்போது தானே பிள்ளையைச் சுமந்துகொண்டு தன் கையாலேயே சுடப் போகிறாள்.

மழை வரும் என்றேன். முழங்கால் நோகிறது, என்னைத் தனியே விடாதே என்றேன். கோயிலுக்கு நேர்த்தி என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. "இந்த முறை நான் போகத்தான் வேணும்," என்றாள். அந்த 'இந்த முறை' எனக்குப் பிடிக்கவில்லை. அதே கிழமை பெடியனுடைய தாய் போன் எடுத்தாள். சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண். "நீ அவளோடு போ," என்றாள். "இந்த நேரத்தில் அவளைத் தனியே அங்கே இருக்க விடக்கூடாது." அப்போ பெடியனின் தாய்க்கு முதலே சொல்லியாயிற்று, பெற்றவளுக்குத்தான் ஒளிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் அந்தத் தாயின் குரல் ஏன் அப்படிக் கம்மியிருந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

போனேன். மே மாதத்து விடியல், ஆனாலும் மூச்சு புகைந்தது. காட்டின் ஓரத்தில் மரக்கால்கள் மேல் ஒரு பரண், இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு இருக்கத்தான் இடம். முன்னால் கடுகு போல மஞ்சள் பூத்த ராப்ஸ் வயல், அதற்கப்பால் காற்றாலை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஏணியில் ஏறும்போது அவள் வலது கையை உயர்த்தவில்லை. இடது கையாலேயே பிடித்துப் பிடித்து ஏறினாள். துவக்கை நான்தான் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். இரும்பு பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறை துவக்கைத் தொட்டேன்.

காட்டுக்குள் நாய் ஒன்று குரைத்தது. கரகரத்த, கோபமான குரைப்பு.

"யாற்ற நாய்?" என்றேன் மெல்ல.

"நாய் இல்லை. மான். எங்கட வாசம் பிடிச்சிட்டுது."

மான் குரைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த மிருகம் என்னிடம்தான் ஏதோ சொல்கிறது என்று நினைத்தேன். குரைப்பு நின்று நெடுநேரம் கழித்து, வயல் ஓரத்தில் புல் அசைந்தது. ஆண்மான். ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, செம்பு நிறம், நனைந்த கால்கள். பக்கவாட்டில் நின்று மேயத் தொடங்கியது.

அவள் துவாயை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். துவக்கைத் தோளில் வைக்கப் போனாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம், அம்மாச்சி. வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு ஒரு உயிரை எடுக்காதை. உனக்குக் கோடி புண்ணியம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதலில் விளங்கவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக விளங்கியது. திடலில் நான் கேட்டது, வலது பக்கம் என்று அவள் சொன்னது, நான் கொஞ்சினது, எல்லாம் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனது.

"பிள்ளையோ?" என்றாள். "என்ன பிள்ளை, அம்மா?"

அவள் என்னை மோர் என்று கூப்பிடவில்லை. என் கையை எடுத்துச் சட்டைக்குள் விட்டு, துவாய்க்குக் கீழே வைத்தாள். விரல் நுனியில் ஒரு கல்லு. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் நகரவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் பிள்ளைக்குக் கல்லு மனதில் இல்லை, என் விரலுக்குக் கீழே இருந்தது.

"ஊசி போட்டு எடுத்துப் பார்த்தவை," என்றாள். தமிழ் தட்டுப்பட, பாதி டெனிஷில் சொல்லி முடித்தாள். அடுத்த கிழமை ஒப்பரேஷன். கக்கத்துக்குள்ளும் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு இந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலுமோ தெரியாது. கடையில் ஈயத்தைப் பற்றி இரண்டு தரம் கேட்டதும் இந்த உடம்புக்குள் இன்னொரு நஞ்சு போகக்கூடாது என்ற பயத்தில்தான். அந்த இடத்தில் அடிபட விடாதே என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். "அதுதான் உதை கூடாது எண்டனான். அதுக்கு முதல் ஒருக்கா, அம்மா. ஒருக்கா மட்டும்."

"அவன்ர அம்மாவுக்குச் சொன்னாய். எனக்குச் சொல்லேல்லை." அந்த நேரத்திலும் இதுதான் என் வாயில் வந்தது.

"அவ அழமாட்டா," என்றாள் என் மகள்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இல்லாத ஒரு பேரப்பிள்ளை அந்தப் பரணில் என் மடியிலிருந்து எழும்பிப் போனதை நான் உணர்ந்தேன். அதற்காக அழுவதா, இதற்காக அழுவதா? கீழே மான் தலையைத் தூக்கியது. காதுகளை எங்கள் பக்கம் திருப்பி, அப்படியே நின்றது. ஓடியிருக்கலாம். ஓடு, ஓடித் தொலை என்று மனதுக்குள் கத்தினேன். அது ஓடவில்லை, திரும்பவும் குனிந்தது.

"சுடட்டோ, அம்மா?"

அவள் என்னிடம் அனுமதி கேட்டு எத்தனை வருஷம். கல்யாணம் வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை, துவக்கு எடுத்ததற்குக் கேட்கவில்லை. உயிர்க்கொலை, பாவம், பிள்ளைத்தாச்சி வீடு என்று நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் இதற்கு முன்னால் என்ன? பாவம் எதுவாக இருந்தாலும் என் தலையில் விழட்டும் என்று நினைத்தேன். நேர்த்தி வைப்பது போலவே நினைத்தேன்.

"கட்டையை வை," என்றேன்.

அவள் துவக்கைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். துவாயை நான் உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் வலது கையை விரித்து வைத்தேன். உள்ளங்கை துவக்குப் பக்கம், புறங்கை அவள் பக்கம். கட்டை என் கைக்குள் வந்து குந்தியது. புறங்கையில் அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது.

"அம்மா, நோகும்," என்றாள்.

"உதை குறைஞ்சதெண்டு கடைக்காரன் சொன்னவன்தானே. சுடு."

அவள் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். பிறகு இடித்தது. கைவிரல் எலும்பில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினது போல, அவ்வளவுதான். சத்தம் காட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வயல் ஓரத்தில் புல் மட்டும் நின்றது. மான் நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டது, ஒரு அடிகூட ஓடவில்லை.

அவள் துவக்கை மடியில் இறக்கினாள். இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும், அதுதான் ஒழுங்கு. அவள் எழும்பவில்லை, வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை இன்னும் அவளுடைய சட்டைமேல், அந்த இடத்திலேயே விரித்தபடி இருந்தது.

"முடிஞ்சுது, அம்மா. கையை எடுங்கோ," என்றாள்.

நான் எடுக்கவில்லை.